நாதஸ்வரம், கோல்ட்ரேன், பி.பி. ஸ்ரீனிவாஸ்: என் ரசனை எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பலவகை இசை உங்களுக்குப் பிடிக்குமா? அந்த ரசனை எப்படி உருவானது?

பிடிக்கும். இந்த வாரம் நான் திரும்பத் திரும்பக் கேட்டதைச் சொல்கிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம், நாகூர் ஹனிபாவின் பாடல்கள், நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு, ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ். ராத்திரியில் பி.பி. ஸ்ரீனிவாஸ், சில நாள் சேட் பேக்கர். பார்க்கிறவர்களுக்கு இது தாறுமாறாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இவை எல்லாம் என் காதுக்கு இரண்டு வழியாக வந்தவை. ஒன்று தெரு, இன்னொன்று அத்தையின் டிரான்சிஸ்டர்.

முதலில் தெரு. நான் வளர்ந்தது நாகப்பட்டினத்தில். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் சிங்காரவேலர் கோயில், எல்லாம் பக்கம் பக்கம். கந்தூரி, கொடியேற்றம், சூரசம்ஹாரம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விழா நடந்துகொண்டே இருக்கும். எந்த விழாவுக்கும் யாரும் எங்களிடம் 'இந்தப் பாட்டு பிடிக்குமா' என்று கேட்டதில்லை. அது பாட்டுக்கு வந்து காதில் விழும்.

சாமி புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற ஊர்வல இசை ஆரம்பித்ததும், கூட்டத்துக்குள் புகுந்து நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். வாசிக்கும் முன் அவர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்குவார். நாணலில் செய்த துண்டு அது. சரியாக வரவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு, வாத்தியத்தின் மேல்பக்கம் நூலில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றைச் செருகுவார். வாசிக்கும்போது அவர் விரல் துளையை முழுக்க மூடாது. பாதி மூடும், கால்வாசி திறக்கும், கூடவே உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் மாறும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இழைந்து போகிற அந்தக் கமகம் அப்படித்தான் உண்டாகிறது. பக்கத்தில் தவில் வேறு. நெஞ்சுக்கூடு அதிரும்.

இது திறந்த வெளிக்கென்றே உண்டான ஒலி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டும், மைக் இல்லாமல். நாகூர் ஹனிபாவின் குரலும் அந்த ஜாதிதான். உச்சஸ்தாயியில் கொஞ்சமும் பிசிறு தட்டாத வெண்கலக் குரல். 'இறைவனிடம் கையேந்துங்கள்' கேட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் தினமும் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்கள். அந்தப் பாட்டு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழுந்ததில்லை. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அப்புறம் படிக்கப்போன ஊரில், விடுதியில், பக்கத்து அறையில் ஒருநாள் ஒரு பாட்டு ஓடியது. நாதஸ்வரம் என்று நினைத்துத்தான் எட்டிப் பார்த்தேன். அது ஜான் கோல்ட்ரேன், சோப்ரானோ சாக்ஸபோனில் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. 1960இல் பதிவானது. ஒரு பிராட்வே மேடை நாடகத்தில் வரும் எளிமையான மெட்டு அது. கோல்ட்ரேன் அதை எடுத்து, பியானோவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆடவிட்டு, அதன்மேல் பத்து நிமிஷத்துக்கும் மேலாக மெட்டை விரித்துக்கொண்டே போகிறார். இதை ராக ஆலாபனை என்று சொல்ல மாட்டேன், இலக்கணம் வேறு. ஆனால் ஒரு ஸ்வரக் கட்டுக்குள்ளேயே நின்று, அவசரமே படாமல், உள்ளதையெல்லாம் தோண்டி எடுக்கிற அந்தப் பொறுமை சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கம். அவர் சிதார் கலைஞர் ரவிசங்கரின் இசையில் தோய்ந்தவர், தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியவந்தது. நுஸ்ரத்துக்குள்ளும் அதே வாசல் வழியாகத்தான் போனேன். ஒரே வரி, சுற்றிக் கைதட்டல், மேலே மேலே ஏறும் குரல். நாகூரில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் அந்நியம் ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டாவது வழி. அத்தையின் தலைமாட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ராத்திரியில் மத்திய அலை வெகுதூரம் போகும். எங்கள் ஊருக்கோ இலங்கை கடலுக்கு அந்தப் பக்கம்தான். இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்கும். வீட்டில் எல்லோரும் தூங்குவதால் சத்தத்தை ஆகக் குறைத்து வைத்திருப்பார். அந்த அளவில் கேட்டால் பி.பி. ஸ்ரீனிவாஸ் பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுவதுபோல இருக்கும். 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தின் 'காலங்களில் அவள் வசந்தம்' பாட்டைக் கேளுங்கள். குரலை எங்கேயும் உயர்த்தவே மாட்டார். மைக்கை நம்பிப் பாடுகிற கலை அது. திறந்த வெளியில் அந்தக் குரல் பத்தடி தாண்டாது, தாண்டத் தேவையும் இல்லை. 1954இல் சேட் பேக்கர் பாடி வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டபோது மொழி புரியாவிட்டாலும் பாடும் விதம் சட்டென்று பிடிபட்டது. டிரம்பெட் ஊதுகிற மனிதர், பாடும்போது ரகசியம் பேசுவதுபோலப் பாடுகிறார்.

ஆக, வீதி அதிர வேண்டும், இல்லையென்றால் காதோடு பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இசை எனக்குப் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. சுருதியை மென்பொருளால் திருத்தி வழுவழுவென்று ஆக்கிய குரல்களும் அப்படித்தான். இழைவு போய்விட்டால் எனக்கு அங்கே வேலையில்லை.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு, அது ஐரோப்பிய செவ்வியல் இசையமைப்பாளர் பாக். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு ரெக்கார்டிங் சென்டர் கடைக்காரர். தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிஷம் மிஞ்சினால் அவர் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பிவிடுவார், நம்மைக் கேட்க மாட்டார். அப்படி வந்து சேர்ந்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒரு துண்டு. 1986இல் வந்த தொகுப்பு. அதைத் தேடிப் பிடித்து முழுசாகக் கேட்டால், அதிலேயே பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிடா என்ற படைப்போடு ராஜா உரையாடுகிற ஒரு பகுதி இருக்கிறது. அங்கிருந்துதான் பாக்குக்கே போனேன்.

இன்றைய செயலிகள் நான் ஏற்கெனவே கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையே எடுத்து நீட்டுகின்றன. கடைக்காரர் நீட்டியது நான் கேட்காத ஒன்றை, அவர் நேசித்த ஒன்றை. அதனால் இப்போதும் நண்பர்களிடம் 'எனக்குப் பிடிக்கும் என்று நினைப்பதை அனுப்பாதே, உனக்குப் பிடித்ததை அனுப்பு' என்றுதான் கேட்கிறேன்.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்காரவேலனே தேவா' பாட்டைப் போடுங்கள். எங்கள் சிக்கல் முருகனின் பெயரில் தொடங்கினாலும், திருச்செந்தூர் முருகன் மேல் பாடியது. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஸ்வரங்களை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். அது முடிந்த கையோடு கோல்ட்ரேனைப் போடுங்கள். இரண்டையும் ஸ்பீக்கரில், சத்தமாக. ஸ்ரீனிவாஸுக்கும் பேக்கருக்கும் இயர்போன் போதும், சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.