ஆர்.சி. என் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில்: கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: மார்ச் மாதம் திருச்சியில் ஒரு புரோக்கர் மூலம் 2018 மாடல் பெட்ரோல் கார் (1200 சிசி) வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு வந்துவிட்டது. நவம்பர் வரை ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, 50% நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். பாலிசி இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே உள்ளது. போன வாரம் தஞ்சாவூர் ரோட்டில் மீடியனில் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் 78,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். "பழைய ஓனரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க, அவர் ஓட்டின மாதிரி போட்டு கிளெய்ம் வாங்கித் தர்றேன்" என்கிறார் புரோக்கர். செய்யலாமா? நவம்பரில் புதுப்பிக்கும்போது 50% தள்ளுபடி எனக்குக் கிடைக்குமா?

பதில்: செய்யாதீர்கள். தள்ளுபடியும் கிடைக்காது. இந்த 78,000 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். கசப்பான பதில்தான். ஆனால் இன்னும் ஒரு வாரம் புரோக்கர் பின்னால் அலைந்தால் இதைவிடக் கசப்பான இடத்துக்குப் போய் நிற்பீர்கள்.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் ஒரே தாளுக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஒன்று. அது தர்ட் பார்ட்டி. உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கு இன்னொன்று. அது ஓன் டேமேஜ். கார் கை மாறும்போது இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவின்படி, தர்ட் பார்ட்டி பாதுகாப்பு காரோடு சேர்ந்து புது உரிமையாளருக்குத் தானாக வந்துவிடும். "ஆர்.சி. மாறினால் இன்சூரன்ஸும் மாறிடும் சார்" என்று புரோக்கர் சொல்வது இந்தப் பாதியை வைத்துத்தான்.

மற்ற பாதி தானாக வராது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: 157-வது பிரிவின் தானியங்கி மாற்றம் மூன்றாம் நபர் இழப்புக்கு மட்டும்தான், சொந்தச் சேதத்துக்குக் கம்பெனியோடு புது உரிமையாளருக்கு ஒப்பந்தம் வேண்டும். இன்று உங்கள் நிலைமை என்ன? கார் உங்களுடையது, ஆனால் கம்பெனியோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. பழைய ஓனருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, கார் இல்லை. கார் நொறுங்கியதில் அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாதவருக்கு இழப்பீடு எப்படி வரும்?

இனி புரோக்கரின் யோசனை. கிளெய்ம் போட்டதும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வண்டியைப் பார்க்க வருவார். முதலில் கேட்பது ஆர்.சி. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. பழைய ஆர்.சி. நகலைக் காட்டினாலும், வண்டி எண்ணை அரசின் வாகன் தளத்தில் தட்டினால் இப்போதைய உரிமையாளர் வேறு ஆள் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது நிராகரிக்கப்பட்ட கிளெய்ம் மட்டுமில்லை. பொய்யான உரிமைகோரலில் இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கிறது. மோசடிப் புகாராக அது மாறினால் புரோக்கரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அவர் எப்போதும் தாளுக்கு வெளியேதான் நிற்பார். பழைய ஓனர் உண்மை தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அவருடைய போனஸுக்கும் வில்லங்கம் வரும்.

வாகன் தளத்தில் உரிமையாளர் பெயர் இருக்கிறது. அதே பக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி முடியும் தேதியும்கூட இருக்கின்றன. உரிமையாளர் மாறிய அன்றே கம்பெனிக்கும் வாங்கியவருக்கும் "14 நாளில் பாலிசியை மாற்று" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப என்ன தடை? புதுப்பிக்கச் சொல்லி நாற்பது நாள் முன்னாலிருந்தே போன் அடிக்கிறவர்களுக்கு இது மட்டும் முடியாது. கிளெய்மை மறுக்க வேண்டிய நாளில் மட்டும் அதே தகவல் ஒரு நிமிடத்தில் திரையில் வந்து நிற்கும்.

போகட்டும். நீங்கள் உண்மையில் இழந்தது எவ்வளவு என்று பார்ப்போம். ஏனென்றால் 78,000 முழுவதும் கிடைத்திருக்காது. ஐந்து வயது தாண்டி, பத்து வயதுக்குள் இருக்கும் காருக்கு, ஜீரோ டெப்ரிசியேஷன் (பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) சேர்க்காத பாலிசியில், இரும்பு மற்றும் உலோகப் பாகங்களுக்கு 40% கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான், பேட்டரி, டயருக்கு எத்தனை வயதானாலும் 50%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு இல்லை.

உங்கள் எஸ்டிமேட்டை இப்படிப் பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பம்பர், கிரில், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் சாமான் 30,000; பானெட், ரேடியேட்டர், முன் பேனல் 26,000; பெயின்ட் 12,000; டிங்கரிங், ஃபிட்டிங் கூலி 10,000. பிளாஸ்டிக்குக்கு 15,000, உலோகத்துக்கு 15,600, பெயின்ட்டுக்கு 10,500, கூலிக்கு 10,000. மொத்தம் 51,100. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஆக, கைக்கு வந்திருக்கக்கூடியது 50,100. ஐம்பதாயிரத்துக்காகத்தான் அந்தப் பொய்க் கையெழுத்து.

இந்த ஐம்பதாயிரத்தைக் காப்பாற்ற மார்ச்சில் நீங்கள் கட்டியிருக்க வேண்டியது எவ்வளவு தெரியுமா? உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 6,000 என்று வைப்போம். பழைய ஓனருக்கு அதில் 50% போனஸாக 3,000 குறைத்திருப்பார்கள். கார் உங்களிடம் வந்ததும் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு உரியதில்லை என்பதால், மீதியுள்ள 8 மாதத்துக்கு அதைத் திருப்பி வசூலிப்பார்கள். 3,000-ல் பன்னிரண்டில் எட்டுப் பங்கு, 2,000. ஜி.எஸ்.டி. 18% சேர்த்து 2,360. அதோடு பெயர் மாற்றத்துக்கு ஒரு சின்னக் கட்டணம். அவ்வளவுதான்.

ஏன் உரியதில்லை? நோ கிளெய்ம் போனஸ் காருக்குக் கொடுப்பதில்லை, கிளெய்ம் போடாமல் ஓட்டிய ஆளுக்குக் கொடுப்பது. முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 20%, பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான் குறையும். தர்ட் பார்ட்டி பிரீமியத்தைத் தொடாது. காரை விற்றவர் தன் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்குள் தன்னுடைய அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். உங்கள் பழைய ஓனர் அதை ஏற்கெனவே செய்திருக்கக்கூடும். 'வண்டியில் 50% போனஸ் இருக்கு' என்று சொல்லி உங்களிடம் விலையை ஏற்றியிருந்தால், அவர் விற்றது அவரிடம் இல்லாத சரக்கு.

இங்கே ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உரிமையாளர் இறந்து, கார் அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவருக்குப் போனால் போனஸும் அவருக்குப் போகும். அண்ணன் தம்பிக்கு இல்லை, மருமகனுக்கு இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்தாலும் இல்லை. அது சாதாரண விற்பனை மாதிரிதான் கணக்காகும், மகன் 0%-லிருந்து தொடங்க வேண்டும். இறப்பு நேர்ந்தால் பாலிசி உடனே செத்துவிடாது. இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் இறப்புச் சான்றிதழ், கார் உங்களுக்கு வந்ததற்கான ஆதாரம், அசல் பாலிசி மூன்றையும் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதற்குப் படிவம் 31. விற்பனைக்கான 29, 30-ஐ நிரப்பி, இறந்தவர் கையெழுத்தை யாரோ போட்டுக் கொண்டுபோகும் 'சுருக்கு வழி'யை ஏஜென்ட் சொல்வார். அப்படிச் செய்தால் விலக்கும் போகும், வாரிசு உரிமையும் சிக்கலாகும். உங்கள் விஷயத்தில் இந்த விலக்கு பொருந்தாது.

இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை, இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் பெயர் மாற்ற விண்ணப்பம் அனுப்புங்கள். ஆர்.சி. நகல், 29, 30 படிவ நகல்கள், பழைய பாலிசி, பழைய ஓனரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், உங்கள் பெயரில் நிரப்பிய புது விண்ணப்பப் படிவம் இவையெல்லாம் கேட்பார்கள். 14 நாள் தாண்டிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதமாகவும் மாற்றித் தருவார்கள், ஆனால் மாற்றிய தேதியிலிருந்துதான் செல்லும். நடந்த விபத்து அதற்குள் வராது.

பெயர் மாற்றும்போது ஓன் டேமேஜுக்கு வண்டியைப் பார்வையிடுவார்கள். நொறுங்கிய முகத்தோடு நிறுத்தினால் அந்தச் சேதங்களையெல்லாம் 'ஏற்கெனவே உள்ளவை' என்று எழுதிவிடுவார்கள். அடுத்த கிளெய்மில் பானெட்டைத் தொட்டாலே அந்தக் குறிப்பு எழுந்து வரும். அதனால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வேலையை முடித்து, பில்லையும் படங்களையும் வைத்துக்கொண்டு பிறகு பார்வையிட அழையுங்கள். சொந்தக் காசு என்பதால் கம்பெனி ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பானெட்டைத் தட்டி எடுக்க முடியுமா என்று ஒரு நல்ல டிங்கரிடம் கேளுங்கள். ரேடியேட்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மீடியனுக்குச் சேதம் என்று நெடுஞ்சாலைத் தரப்பிலிருந்து யாராவது பணம் கேட்டால், கையில் காசு கொடுக்காமல் எழுத்தில் கேளுங்கள். அதைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அது மூன்றாம் நபர் சொத்து. அந்தப் பாதி பாலிசி உங்களோடு வந்திருக்கிறது.

பெயர் மாற்றும்போது பலர் கவனிக்காத இன்னொன்று: ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. அது பழைய ஓனர் என்ற ஆளுக்கு எடுத்தது. இந்த விபத்தில் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் குடும்பத்துக்கு அதிலிருந்து எதுவும் வந்திருக்காது. உங்கள் பெயரில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் 'வாங்கித் தர்றோம், முப்பது சதவீதம் கொடுங்க' என்று சில ஆலோசகர்கள் தேடி வருவார்கள். உங்கள் விஷயத்தில் வாதிடவே எதுவும் இல்லை, அனுப்பிவிடுங்கள். 14 நாளுக்குள் விண்ணப்பம் கொடுத்தும் கம்பெனி இழுத்தடித்து, அதற்குள் விபத்து நடந்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சதவீதம் கேட்பவர் செய்யப்போவதும் இதே தாளை நிரப்புவதுதான்.

நவம்பரில் கவனமாக இருங்கள். வண்டி எண்ணைத் தட்டியதும் ஆன்லைன் பக்கம் பழைய விவரங்களைத் தானே நிரப்பி 50% தள்ளுபடியோடு ஒரு மலிவான தொகையைக் காட்டும். 'போன வருடம் கிளெய்ம் உண்டா' என்பதற்கு 'இல்லை' என்று நீங்கள் உண்மையாகவே பதில் சொல்லலாம். அதற்கு மேலோ கீழோ சின்ன எழுத்தில் 'உரிமையாளர் மாறினாரா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஆம்' என்று போட்டதும் போனஸ் 0% ஆகி, தொகை ஏறும். ஏறட்டும். ஏஜென்ட் மூலம் எடுத்தால், அடுத்த ஏஜென்ட்டைவிடக் குறைவான தொகை காட்டுவதற்காக அந்தக் கட்டத்தை அவரே தாண்டிப் போய்விடுவார். பாலிசி வந்ததும் போனஸ் என்ற இடத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள். 50 என்று இருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பித் திருத்தி, வித்தியாசத் தொகையைக் கட்டிவிடுங்கள். உங்கள் சொந்த 20% அதற்கடுத்த நவம்பரில்தான் தொடங்கும், அதுவும் கிளெய்ம் இல்லாமல் இருந்தால்.

இதற்கு முன் நீங்கள் உங்கள் பெயரில் வேறு கார் வைத்திருந்து, மூன்று வருடத்துக்குள் விற்றிருந்தால் மட்டும், அந்தக் காரின் கடைசி பாலிசிக் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் கேளுங்கள். அந்தத் தள்ளுபடியை இந்தக் காருக்குப் போடலாம். பைக்கில் சேர்த்த போனஸ் காருக்குச் செல்லாது.