கிரவுன் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? பிக்கப் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இன்ஜின் ஆயிலைத் தானே மாற்றிக்கொள்கிறவர்கள்கூட பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டைப் பக்கம் போவதில்லை. கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பொலேரோ பிக்கப், டாடா ஏஸ் மாதிரி பின் சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அந்த உருண்டைக்குள் இருக்கும் ஆயிலைப் பட்டறையில் ‘கிரவுன் ஆயில்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு ஓட்டுபவர்: அண்ணே, வண்டி 60,000 கி.மீ. ஓடிவிட்டது. கிரவுன் ஆயிலைத் தொட்டதே இல்லை. சத்தம் எதுவும் இல்லையே, மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள் தம்பி. சத்தம் வந்துவிட்டால் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் எந்த ஆயிலும் அதை வளர்த்துத் தராது. இன்ஜினுக்கு ஃபில்டர் இருக்கிறது, இங்கே அது கிடையாது. உதிரும் இரும்புத் தூள் அதே ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் உள்ள கி.மீ. கணக்கைப் பாருங்கள். மூட்டை ஏற்றி மலை ஏறுகிற வண்டி என்றால் அந்தக் கணக்கில் பாதியிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

திருச்சி, சொந்த உபயோகத்துக்குப் பிக்கப் வைத்திருப்பவர்: முதல்முறையாக நானே செய்யப்போகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டுமா?

ஜாக்கி வேண்டாம். பிக்கப்புக்குக் கீழே ஆள் படுக்க இடம் இருக்கும். வண்டி சமதரையில் நிற்பதும் முக்கியம், சாய்ந்து நின்றால் ஆயில் அளவு பொய் சொல்லும். அப்படியும் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெறும் ஜாக்கியையோ ஹாலோ பிளாக் கல்லையோ நம்பி உள்ளே போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஆரம்பித்தால் ஆயில் இளகி, அடியில் தங்கிய தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். உருண்டையில் இரண்டு பிளக் இருக்கும். பாதி உயரத்தில் இருப்பது ஊற்றுகிற பிளக், அடியில் இருப்பது வடிக்கிற பிளக். முதலில் மேலே உள்ளதைக் கழற்றுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டியில் கீழ்ப் பிளக்கைத் திறந்து முழுக்க வடித்துவிட்டு, அப்புறம் மேலே போனேன். துருப்பிடித்த பிளக் அசையவில்லை. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகியதில் முனையெல்லாம் மழுங்கிவிட்டது. ஊற்ற வழியில்லாமல் வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. மேல் பிளக் வரவில்லையா? வடிக்காமல் அப்படியே பட்டறைக்கு ஓட்டிப் போய்விடுங்கள்.

கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் தட்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். வடிந்து முடிந்ததும் கீழ்ப் பிளக்கைப் புது வாஷரோடு மாட்டுங்கள். கைப்பம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சக்கரத்துக்கு மேலிருந்து உள்ளே தெரிகிற ஒரு டியூபை ஊற்றுகிற பிளக் துளைக்குள் இறக்கி, மேல்முனையில் புனல் செருகி ஊற்றலாம். மெதுவாகத்தான் இறங்கும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆயில் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு லேசாக வழிந்ததும் நிறுத்துங்கள். எத்தனை லிட்டர் என்று புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். ஆனால் கடைசி முடிவு இந்தத் துளையுடையதுதான்.

பழைய ஜீப் வகை அச்சுகள் சிலவற்றில் வடிக்கிற பிளக்கே இருக்காது. பின்பக்க வட்ட மூடியைக் கழற்றி வடித்து, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் பல்லைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

நாமக்கல், ஓட்டுநர்: இன்ஜின் ஆயில் 15டபிள்யூ-40. கிரவுன் ஆயில் 80டபிள்யூ-90. 90 என்றால் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியா?

இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் அளந்தால் 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

உடனே ‘அப்படியானால் மீந்த இன்ஜின் ஆயிலை ஊற்றலாமே’ என்று கேட்பீர்கள். கூடாது. இந்த வகை அச்சில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருளுவதோடு நிற்காமல் உரசி வழுக்கிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். கியர் ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள்தான் பல்லின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து காப்பாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்துடையதுதான்.

கோவை: கடையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரத்தில் கியர் ஆயில் இருக்கிறது. ஒரே டின் வாங்கி கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஊற்றலாமா?

புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே ஆயில் போட்டிருந்தால் ஒழிய வேண்டாம். கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5. கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருக்கும், அங்கே ஜிஎல்-4 கேட்டிருந்தால் அதுதான். ஜிஎல்-5 வகைகளில் சில பித்தளையை அரிக்கும், கியர் விழுவதும் சிரமமாகலாம்.

தேனி: வடிக்கிற பிளக்கில் காந்தம் இருந்தது. அதில் கருப்பாகக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. பயப்படணுமா?

விரலில் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழவழவென்று இருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஊசி மாதிரி குத்தினாலோ, செதில் செதிலாக வந்தாலோ பேரிங் அல்லது பல் போய்க்கொண்டிருக்கிறது. புது ஆயிலை ஊற்றி மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை, வேளச்சேரி: மழையில் சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் ஓட்டினேன். ஆயிலைப் பார்க்க வேண்டுமா?

இந்த வாரமே பாருங்கள். ஓடிச் சூடான உருண்டை குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவோ, மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதர் என்ற சின்னத் துவாரம் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை, தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றிவிட்டு, கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு திரும்பவும் ஒருமுறை மாற்றுங்கள்.

பிரீதரையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். குண்டுமணி அளவு சேறு அடைத்தாலும் சூட்டில் பெருகும் காற்று போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். சீல் போய்விட்டது என்று காசு கொடுத்து மாற்றியும் திரும்ப ஒழுகினால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சேலம்: கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் நல்லதுதானே?

நல்லதில்லை. நுரைத்துச் சூடாகும், அச்சு முனைச் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் போகும். பிரேக் பிடிக்காது.

ஷார்ஜா: ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுகிறேன். லிமிடெட் ஸ்லிப், டிஃப் லாக் இரண்டுக்கும் தனி ஆயிலா?

லிமிடெட் ஸ்லிப் என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். அதில் உராய்வுத் தட்டுகள் இருந்தால், அதற்கென்று எழுதியிருக்கும் ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் ஊற்றினால் திருப்பத்தில் கடகடவென்று உதறும். பட்டனை அமுக்கி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற டிஃப் லாக் வேறு சங்கதி, அதற்குப் பெரும்பாலும் சாதாரண ஜிஎல்-5 போதும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று புத்தகத்தில் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மதுரை: பழைய வண்டி வாங்கினேன். ஆயில் மாற்றியதும் பின்னால் ஊளைச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. புது ஆயில் சரியில்லையா?

பழைய ஆயிலைக் கொட்டுவதற்கு முன் வலைத்துணியில் வடிகட்டிப் பாருங்கள். மரத்தூள் கிடந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். விற்பதற்கு முன் சத்தத்தை அமுக்க அதைப் போடுவது பழைய வித்தை. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு சத்தமும் விடும்போது வேறு சத்தமும் வந்தால் கிரவுன், பினியன். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் மட்டும் மாறினால் சக்கர பேரிங்.

தஞ்சாவூர்: வடித்த ஆயிலை என்ன செய்வது? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது, சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள், அது கான்கிரீட்டிலும் மண்ணிலும்தான் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். மறுசுத்திகரிப்புக்கு வாங்கிப் போகிறவர்கள் அங்கே வருவார்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.