வழியில் ஓர் இரவு: ஆர்.வி. பயணிகளுக்கான கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால் அமெரிக்க வாசகர்களிடமிருந்து ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) பயணக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. போகும் வழியில் இரவு தங்குவது பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஜூன் மாதம் 30 அடி கிளாஸ் சி (நடுத்தர வகை ஆர்.வி.) வண்டியை வாடகைக்கு எடுத்து டல்லாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போகிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். வழியில் இரண்டு இரவு தங்கினால் போதுமா? முதல் இரவுக்கு அமரில்லோ பக்கத்தில் பாலோ டூரோ கேன்யன் மாநிலப் பூங்கா நன்றாக இருக்கும் என்கிறார்கள். (வாசகி, டல்லாஸ்)

பதில்: பாலோ டூரோ அருமையான இடம்தான். ஆனால் முதல் இரவுக்கு அது வேண்டாம். ஐ-40 சாலையை விட்டுத் தெற்கே இருபத்தைந்து மைலுக்கு மேல் போக வேண்டும். பூங்காவுக்குள் நுழைந்ததும் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. புதிதாக ஆர்.வி. ஓட்டுபவர் இருட்டில் அதில் இறங்கக் கூடாது. காலையில் அதே ஏற்றத்தில் ஏறி வந்தால்தான் மறுபடி நெடுஞ்சாலை. திரும்பி வரும்போது இரண்டு இரவு ஒதுக்கி அங்கே தங்குங்கள், அப்போதுதான் அந்த இடத்துக்கு நியாயம் செய்ததாகும்.

வழித்தங்கலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல. சுலபமாக உள்ளே நுழைய வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், காலையில் சுலபமாக வெளியேற வேண்டும். நெடுஞ்சாலை எக்ஸிட்டிலிருந்து ஐந்து மைலுக்குள் இருக்கட்டும். சைட், அதாவது வண்டியை நிறுத்தும் இடம், ‘புல்-த்ரூ’வாக இருக்கட்டும், அதாவது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது. ‘பேக்-இன்’ சைட்டில் பின்பக்கமாகவே நுழைக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்தவர் மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே அதைச் செய்யும்போதுதான் பெரும்பாலான கீறல்கள் விழுகின்றன. வாடகை வண்டியில் ஒவ்வொரு கீறலுக்கும் டெபாசிட்டில் கைவைப்பார்கள். கே.ஓ.ஏ. என்ற கேம்ப்கிரவுண்ட் நிறுவனத்தின் தங்குமிடங்களில் ‘ஜர்னி’, ‘ஹாலிடே’, ‘ரிசார்ட்’ என்று மூன்று வகை உண்டு. நெடுஞ்சாலையோரத்தில், நீளமான புல்-த்ரூ சைட்டுகளோடு, வழிப்போக்கர்களுக்காகவே இருப்பது ஜர்னி வகை.

இனி எத்தனை இரவு என்பது. வாடகை வண்டி கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் பிற்பகலாகிவிடும். விளக்கம் கேட்டு, சாமான் ஏற்றிக் கிளம்பும்போது மணி மூன்று. அதன்பிறகு 365 மைல் ஓட்டி அமரில்லோ போவது வேண்டாத வேலை. இப்படிப் பிரியுங்கள்: முதல் நாள் யு.எஸ். 287 வழியாக விசிட்டா ஃபால்ஸ், சுமார் 140 மைல். இரண்டாம் நாள் அமரில்லோவைத் தாண்டி நியூ மெக்சிகோவில் டுகும்காரி, சுமார் 340. மூன்றாம் நாள் ஆல்புகர்க்கியில் மதியச் சாப்பாடு, இரவு கேலப், சுமார் 315. நான்காம் நாள் ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாகக் கேன்யன், சுமார் 265. ஆக, வழியில் மூன்று இரவு. ஆர்.வி.காரர்கள் ‘3-3-3’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாளுக்கு 300 மைல், மாலை 3 மணிக்குள் இடம் சேர்வது, ஓர் இடத்தில் 3 இரவு. மூன்றாவதை நீங்கள் கேன்யனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும், தாமதமாகக் கிளம்பும் முதல் நாளைத் தவிர, கூடியவரை விடாதீர்கள். கைப்பேசி காட்டும் நேரத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வதும் அவசியம். பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் வண்டி நிற்காமல் ஓடாது, அமரில்லோ பக்கம் பக்கவாட்டுக் காற்றும் பலமாக அடிக்கும்.

கேன்யனின் தென்விளிம்பில் ஹூக்கப் (வண்டிக்கான மின்சார, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு) வேண்டுமென்றால் டிரெய்லர் வில்லேஜ்தான். மாதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் கிடையாது, வாகன நீளமும் 30 அடிக்கு மேல் கூடாது.

கேள்வி: ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் பார்த்து முன்பதிவு செய்தோம். இரவு முழுக்க ரயில் சத்தம், யாரும் கண் மூடவில்லை. முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கேம்ப்கிரவுண்டைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குத் தண்டவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டவாளம் மட்டும் இருந்தால் பெரிய பாதகமில்லை, ஓடும் ரயிலின் ஓசைக்குப் பழகிவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது ஹாரன். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் பொது லெவல் கிராசிங்கை நெருங்கும்போது இஞ்சின் 15 முதல் 20 வினாடி ஹாரன் அடித்தே ஆக வேண்டும் என்பது மத்திய அரசு விதி: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். நடுநிசிக்கும் இதுதான். எனவே படத்தைப் பெரிதாக்கித் தண்டவாளத்தைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். சாலை மேம்பாலத்தில் தாண்டினாலோ அடியில் நுழைந்து போனாலோ கவலையில்லை. நேராகக் குறுக்கே வெட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஊர் ‘குவையட் ஸோன்’ (வழக்கமாக ஹாரன் அடிக்காத பகுதி) அறிவிப்புப் பெற்றிருந்தால் தவிர. நியூ மெக்சிகோவின் மேற்குப் பகுதியிலும் அரிசோனாவிலும் ஐ-40 சாலையின் பெரும்பகுதியில் பி.என்.எஸ்.எஃப். ரயில் நிறுவனத்தின் முக்கியச் சரக்குப் பாதை கூடவே வருகிறது. மேலே சொன்ன கேலப்பிலும் இதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் எழுதியவற்றை மட்டும் எடுத்து, ‘டிரெயின்’, ‘லெவல்’, ‘வோல்டேஜ்’, ‘மந்த்லி’ என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். சாய்வான சைட்டுகளும், பலவீனமான மின்சாரமும், மாத வாடகைக்காரர்களால் நிரம்பிய பூங்காவும் அப்படித்தான் தெரியவரும். குட் சாம் என்ற ஆர்.வி. பயணிகள் அமைப்பின் மதிப்பீட்டில் மூன்று எண்கள் தருவார்கள்: வசதிகள், கழிப்பறை, தோற்றம். ஓர் இரவுக்கு நடு எண்ணைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று: ‘55+’ (55 வயதுக்கு மேற்பட்டோருக்கு) என்று போட்டிருக்கும் பூங்காக்கள் அரிசோனாவிலும் புளோரிடாவிலும் நிறைய. பிள்ளைகளோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: ஏ.சி. ஓடும்போது இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் மின்சாரம் நின்றுவிடுகிறது. 50 ஆம்ப் சைட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் சரியாகுமா? (வாசகி, அட்லாண்டா)

பதில்: உங்கள் வண்டியின் வயர் முனையைப் பாருங்கள். மூன்று முள் என்றால் 30 ஆம்ப் வண்டி, நான்கு முள் என்றால் 50. மூன்று முள் வண்டியை அடாப்டர் போட்டு 50 ஆம்ப் சாக்கெட்டில் செருகினாலும் உள்ளே 30 ஆம்ப் பிரேக்கர்தானே இருக்கிறது, அதற்கு மேல் வராது. பணம் வீண்.

கணக்கு இதுதான். 30 ஆம்ப் பெருக்கல் 120 வோல்ட், 3,600 வாட். கூரை ஏ.சி. 12-13 ஆம்ப் இழுக்கும். 1,800 வாட் இண்டக்ஷன் 15 ஆம்ப். இரண்டும் சேர்ந்தாலே 28. ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜர், வெந்நீர் ஹீட்டர் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் வண்டிக்கு 120 வோல்ட்டில் இரண்டு தனி இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப். மொத்தம் 12,000 வாட் என்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழாது. உங்களுக்குச் சுலபமான வழி, சமைக்கும் அரை மணி நேரம் வண்டியின் கேஸ் அடுப்பைப் பயன்படுத்துவதும், வெந்நீர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுவதும். தாளிக்கும்போது மேல் விசிறியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும்.

எந்த பிரேக்கர் விழுந்தது என்பதையும் கவனியுங்கள். வண்டிக்குள் ஒரு சின்ன பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால் ஒரே இணைப்பில் இரண்டு சாமான் போட்டிருக்கிறீர்கள். வெளியே பெடஸ்டலில், அதாவது மின்கம்பப் பெட்டியில், விழுந்திருந்தால் மொத்தச் சுமை அதிகம். சுமை குறைவாக இருந்தும் வெளியே அடிக்கடி விழுந்தால் சாக்கெட்டோ பிரேக்கரோ தேய்ந்திருக்கலாம்.

அதனால் வண்டியைச் சைட்டில் நிறுத்தியதும் முதல் வேலை பெடஸ்டலைப் பார்ப்பது. சாக்கெட் முகம் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், பிளக்கைச் செருகும்போது தளர்வாக ஆடினால், வேறு சைட் கேளுங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டு சர்ஜ் ப்ரொடெக்டரை (மின் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) செருகி, பிரேக்கரைப் போட்டு விளக்குகள் சரியா என்று பார்த்து, மறுபடி அணைத்து, வண்டி வயரை இணைத்து, கடைசியாகப் போடுங்கள். கோடை மாலையில் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடும்போது பழைய பூங்காக்களில் மின்னழுத்தம் இறங்கும். மீட்டர் 105 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகிக் கருகும்.

கேள்வி: வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் இலவசமாகத் தங்கலாமா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: கடைக்குக் கடை மாறும். மேலாளரைத் தொலைபேசியில் கேட்டு, ‘தங்கலாம்’ என்று சொன்னால் மட்டும் போங்கள். சில ஊர்களில் நகராட்சி விதியே தடுக்கிறது. மேசை நாற்காலி போடுவது, அடுப்பு மூட்டுவது கூடாது. டெக்சஸ் கோடையில் ஏ.சி. இல்லாமல் வண்டிக்குள் பெரியவர்களைப் படுக்க வைக்க முடியாது. ஜெனரேட்டர் மணிக்கு அரை கேலன் அளவில் பெட்ரோல் குடிக்கும், வண்டி டேங்க் கால் பங்குக்கு வந்ததும் தானே நின்றுவிடும். வாடகை நிறுவனம் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக்கட்டணமும் போடும். ஜூலையில் இது இலவசம் அல்ல.

கேள்வி: டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் ஆற்றங்கரைச் சைட் கிடைத்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? (வாசகி, ஆஸ்டின்)

பதில்: 2025 ஜூலை 4 விடியற்காலை கெர்வில் பகுதியில் குவாதலூப் ஆறு சில மணி நேரத்துக்குள் பொங்கி, கரையோர ஆர்.வி. பூங்காக்களை வண்டிகளோடு அடித்துச் சென்றது. அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறை மேல் மண் மெல்லியது, மழைநீர் உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடிவரும். எங்கள் பதில் நேரடியானது: ஓர் இரவுக்காக முதல் வரிசை வேண்டாம். மேட்டு வரிசைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வெள்ளக் கண்காணிப்பு அறிவிப்பு இருந்தால் முன்பதிவுப் பணம் போனாலும் போகட்டும், வேறு இடம் பாருங்கள். இரவில் கைப்பேசியைச் சைலன்ட்டில் போடாதீர்கள். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காத இடமென்றால் பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வண்டியில் இருக்கட்டும். வந்ததும் பகல் வெளிச்சத்திலேயே மேட்டுக்கு நடந்து ஏறும் வழியைக் குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஓர் இரவுக்குக் கழிவுநீர் இணைப்பும் வேண்டுமா? (வாசகர், சான் ஹோஸே)

பதில்: வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் உள்ள சைட் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவுநீர் கொட்டும் இடத்தில், காலி செய்துகொள்ளலாம். பைலட், ஃப்ளையிங் ஜே எரிபொருள் நிலையங்கள் பலவற்றில் கட்டணத்துக்கு இந்த வசதி உண்டு. முழு ஹூக்கப் எடுத்தாலும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் வடிந்துபோய்த் திடக்கழிவு மட்டும் தங்கி இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் அதை முதலில் திறங்கள். அது காலியான பிறகு சமையல், குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். நம் வீட்டு வழக்கப்படி தண்ணீர் விட்டுக் கழுவுவது கழிவறைத் தொட்டிக்கு நல்லது, சீக்கிரம் நிறையும் என்பதுதான் குறை. சமையல் தொட்டிக்குத்தான் ஆபத்து: சாம்பார் மிச்சமும் எண்ணெயும் போனால் நாற்றம் போகாது, கடுகோ கறிவேப்பிலையோ வால்வின் இடுக்கில் சிக்கினால் அது முழுதாக மூடாது. சிங்க்கில் மெல்லிய கண்ணுள்ள வடிகட்டி போடுங்கள்.

கேள்வி: அம்மா, அப்பாவுக்கு 62 வயதுக்கு மேல். தங்கும் கட்டணத்தில் சலுகை கிடைக்குமா? (வாசகர், டல்லாஸ்)

பதில்: கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் மத்திய அரசின் சீனியர் பாஸ் வாங்கலாம். ஓராண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. மத்திய அரசின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் இது பாதிக் கட்டணம். நெடுவழிக்குப் பயன்படுவது ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரைகள், டல்லாஸ் பக்கம் லாவன், டெக்ஸோமா போல. பாஸ்காரர் கூடவே தங்க வேண்டும்.

கேள்வி: அலுவலகம் மூடியபின் போய்ச் சேர்ந்தால்? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: மதியத்துக்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் சைட் எண்ணும் வரைபடமும் போட்ட உறையை அலுவலக வாசல் பலகையில் வைப்பார்கள். கேட் எண் இருந்தால் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கிழக்கே போகும்போது மணியைப் பார்க்க மறக்காதீர்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அங்கிருந்து நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்தால் ஒரு மணி, டெக்சஸுக்குள் நுழைந்தால் இன்னொரு மணி குறையும். ஆறு மணிக்கு மூடும் அமரில்லோ அலுவலகத்துக்கு ஃபீனிக்ஸ் கணக்கில் நான்கு மணிக்கே போயாக வேண்டும்.