ஸ்பானிஷை விட்டுவிடலாமா? மார்த்தாண்டத்திலிருந்து கேட்ட அம்மாவுக்கு

"சார், எட்டாம் வகுப்பில் 80 வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஸ்பானிஷில் 45 வாங்கிக்கொண்டு வருகிறாள். பேசாமல் அதை விட்டுவிட்டு ஜெர்மன் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் பத்தாம் வகுப்பு, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பாடத்திட்டம். தினமும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் பள்ளி வேன். அப்பா மஸ்கட்டில். சித்தி மகள் நர்சிங் முடித்து, ஜெர்மன் படித்து, ஜெர்மனிக்கே போய்விட்டாள். உங்கள் கேள்வியில் பாதி மார்க்கிலிருந்தும் மீதிப் பாதி அந்தச் சித்தி வீட்டிலிருந்தும் வருகிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மார்க். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடைத்தாளைப் படித்தேன். ஓண விடுமுறையைப் பற்றிய கட்டுரை. பிள்ளைக்குச் சொல் வளம் நன்றாகவே இருக்கிறது. சிவப்பு மை பெரும்பாலும் வினைச்சொற்களின் மேல்தான் விழுந்திருக்கிறது. "நான் வீட்டுக்கு வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது" என்று எழுத நினைத்திருக்கிறாள். அங்கே 'யோவியா' வர வேண்டும். அவள் 'யோவியோ' என்று போட்டிருக்கிறாள். அது "மழை பெய்தது" என்று முடிந்துபோன செய்தியைச் சொல்லும். ஸ்பானிஷில் இறந்தகாலம் இப்படி இரண்டாகப் பிரியும். அது வருகிற வகுப்பில்தான் மார்க்கும் இறங்கும். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் பெயர், ஊர், குடும்பம், சாப்பாடு, நிகழ்காலம் என்று போய்விடும். உருப்போட்டாலே 80 வரும். இடைநிலைக்கு வந்ததும் இரண்டு இறந்தகாலம், ஆசையையும் சந்தேகத்தையும் சொல்வதற்கென்றே தனி வினை வடிவம், வினையோடு போய் ஒட்டிக்கொள்ளும் 'அவனுக்கு', 'அதை' எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இங்கே தடுக்கி விழாத பிள்ளைகள் குறைவு.

கணக்கும் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர 600 முதல் 750 மணி நேர வகுப்பு ஒதுக்குகிறது. அவர்கள் பெரியவர்கள், வேறு வேலை இல்லாமல் அதை மட்டுமே படிப்பவர்கள். உங்கள் மகளுக்கு வாரத்தில் மூன்று பீரியட், ஒன்று 40 நிமிடம். வாரம் 2 மணி நேரம். வருடத்துக்கு 30 வாரம் ஒழுங்காக நடந்தால் 60 மணி நேரம். மூன்று வருடம் சேர்த்தாலும் 180தான். அந்த 180 மணி நேரத்தில் இவ்வளவு எழுதுகிற பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை. ஐஜிசிஎஸ்இ ஸ்பானிஷில் கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 சதவீதம். நீங்கள் அனுப்பிய 45 எழுத்துத் தேர்வின் மார்க் மட்டும். மற்ற மூன்றும் எவ்வளவு என்று தெரியாமல் பாடத்தையே விடுவது பற்றிப் பேசுவது சரியில்லை.

டியூஷன் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலக்கணத்துக்கு டியூஷன் வைத்தால் பள்ளியில் நடந்ததையே திரும்ப நடத்துவார்கள். வாரம் ஒரு நாள் ஆன்லைனில் யாரோடாவது அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்தால் அதைவிடப் பலன் உண்டு. வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு முன் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் சொல்வது போலத்தான் ஸ்பானிஷும் 'மே குஸ்தா', 'மே துவேலே லா கபேசா' என்கிறது. 'நான்' இல்லாமலே 'வந்தேன்' என்றால் நமக்குப் புரிகிறதல்லவா? அங்கேயும் அப்படித்தான், ஆள் யார் என்பதை வினையின் வால் சொல்லிவிடும். பெய்தது, பெய்துகொண்டிருந்தது வித்தியாசமும் தமிழ் வழியாகப் போனால் சீக்கிரம் பிடிபடும். உச்சரிப்பில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி. 'ர'வையும் 'ற'வையும் வேறுபடுத்திப் பேசுகிற நாக்கு இது. ஸ்பானிஷில் 'பேரோ' என்றால் ஆனால், 'பேறோ' என்றால் நாய். இதை உங்கள் மகளுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்கும் பழக்கத்துக்கு, பாடப்புத்தக ஆடியோவை விடக் கால்பந்துப் பேட்டிகள் நல்லது. உலகக் கோப்பை வந்தால் தூத்தூர் பக்கம் அர்ஜென்டினா கொடி கட்டுகிற மாவட்டத்தில் மெஸ்ஸியின் பேட்டி பார் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? ஒரு எச்சரிக்கை மட்டும். 'நான்' என்பதை அவள் புத்தகம் 'யோ' என்று சொல்லித்தரும். அர்ஜென்டினாக்காரர்கள் 'ஷோ' என்பார்கள். 'நீ' என்பதற்கும் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். காதால் கேட்கட்டும், பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும்.

சரி, ஜெர்மன் விஷயத்துக்கு வருகிறேன். சித்தி மகள் ஜெர்மன் படித்தது நர்ஸ் வேலைக்காக. அங்கே நர்சாகப் பதிவு பெற பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள் (மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளப்பார்கள், பி2 நான்காவது படி). வேலை முதலில் முடிவானது, மொழி அதன் பின்னால் வந்தது. உங்கள் மகளும் ஜெர்மனிக்கு நர்சாகப் போகிறேன் என்று சொன்னால் நாளைக்கே ஜெர்மன் தொடங்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு காமர்ஸ் பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு ஜெர்மன்?

காமர்ஸ் என்றால் ஸ்பானிஷ் வீணாகாது. 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. சென்னைத் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் மெக்சிகோவுக்குக் கப்பலேறுகின்றன. டிசிஎஸ் 2002-லேயே உருகுவேயில் அலுவலகம் திறந்தது. பெங்களூரு, சென்னை, ஹைதராபாத்தில் ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் கணக்கு, பில், வாடிக்கையாளர் சேவை பார்க்கிற பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கெல்லாம் பொதுவாகக் கேட்பது பி2. பள்ளியில் கிடைப்பது, நன்றாகப் படித்தாலும், பி1 பக்கத்தில் நிற்கும். பி1-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டால் கிடைக்காது. பி2-வோடு பி.காம். அல்லது சி.எம்.ஏ. என்ற கணக்கியல் படிப்பு இருந்தால் வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்கலாம். வெறும் மொழிபெயர்ப்பாளர் வேலையை நம்பி இறங்க வேண்டாம். முதல் வரைவை இப்போது கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. அதைத் திருத்த ஆள் தேவை, அந்த ஆளுக்குத் துறை அறிவும் வேண்டும். மொழியையே பட்டமாகப் படிக்கிற ஆசை வந்தால் ஜேஎன்யூ, டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள இஃப்லு என்ற மொழிப் பல்கலைக்கழகம் மூன்றிலும் ஸ்பானிஷ் பி.ஏ. இருக்கிறது. அது நீங்கள் பேசி முடிவு செய்ய வேண்டியதல்ல, அவளாகக் கேட்க வேண்டியது.

அடுத்த வருடம் என்ன செய்வது என்பதற்கு இரண்டு பாதை. பிளஸ் ஒன்னுக்கு ஸ்டேட் போர்டு பள்ளிக்கு மாற்றினால் நம் மாவட்டத்தில் ஸ்பானிஷைத் தேடி அலையாதீர்கள், நிம்மதியாக விட்டுவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டியது அவளுடைய எழுத்துத் தமிழ் எப்படி இருக்கிறது என்பதை. அதே பள்ளியில் ஐபி, அதாவது பிளஸ் டூவுக்கு இணையான சர்வதேசப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் இரண்டாம் மொழிக்கு 'ஆப் இனிஷியோ', 'லாங்குவேஜ் பி' என்று இரண்டு வகை வரும். முதலாவது அந்த மொழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. மூன்று வருடம் படித்தவளை ஸ்பானிஷில் அங்கே போட முடியாது, லாங்குவேஜ் பி-யில் ஸ்டாண்டர்ட் லெவல்தான் அவள் இடம். ஜெர்மன் என்றால் ஆப் இனிஷியோவில் அ-ஆவிலிருந்து தொடங்குவாள். முதல் வருடம் மார்க் அழகாக வரும். மூன்று வருட ஸ்பானிஷ் போய்விடும்.

என் அபிப்பிராயம், ஐபி என்றால் ஸ்பானிஷே தொடரட்டும். பதினொன்றாம் வகுப்பில், ஸ்பானிஷ் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெலே தேர்வின் பள்ளி மாணவர் பிரிவை எழுதலாம். ஒரே தேர்வு, மதிப்பெண்ணைப் பொறுத்து ஏ2 அல்லது பி1 கொடுப்பார்கள். இதை நடத்துவது ஸ்பெயின் அரசின் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ். டெல்லியில் அவர்களுக்குக் கிளை உண்டு. டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கம்ப்யூட்டரில் எழுதுகிற சியேலே என்ற தேர்வும் இருக்கிறது, அதன் சான்றிதழ் 5 வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் அதை வேலை தேடுகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் பி2 என்று யாராவது விளம்பரம் செய்தால், மேலே போட்ட மணிக்கணக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஸ்பானிஷ் டீச்சரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நான்கு திறனுக்கும் தனித்தனி மார்க் என்ன? ஐபி-யில் லாங்குவேஜ் பி எடுக்க இவள் தாங்குவாளா? கேட்கும்போது மகளும் பக்கத்தில் இருக்கட்டும். பதில் வரும்வரை பாடத்தேர்வு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அப்பாவையும் போனில் இருக்கச் சொன்னால் நல்லது, ஓமான் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதைப் பார்த்து மாலை நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.