பார்சல் கம்பெனி வேலைக்குப் போலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடிச்சிருக்கேன், சொந்தமா பைக் இருக்கு. பெரிய பார்சல் டெலிவரி கம்பெனி ஒண்ணுல ஆள் எடுக்குறாங்க, சேரலாமாண்ணே?
- ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: தாராளமா சேருங்க தம்பி. ஆனா மாசச் சம்பளமா, பார்சலுக்கு இவ்வளவுன்னு கமிஷனாங்குறதை முதல்லயே கேட்டுக்கோங்க, கமிஷன்னா பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் நம்ம கைக்காசுதான், அதைக் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பாக்கணும். நானும் இந்த வேலை பாத்தவன். காலைல ஹப்ல, அதான் பார்சல் வந்து சேர்ற கிடங்குல, ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி, கடைசியா குடுக்கவேண்டியதை அடியில வச்சு பையில அடுக்குறதுக்குள்ளயே வெயில் ஏறிடும். நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை, இங்க பின்கோடு 629ல ஆரம்பிக்குது, பக்கத்துலயே கேரளாவுல இருக்குற பாறசாலைக்கு 695, ஆர்டர் போடுறவங்க மாத்திப் போட்டா பார்சல் மாநிலம் விட்டு மாநிலம் சுத்திட்டு வரும், திட்டு வாங்குறது வாசல்ல நிக்கிற பையன். பாவம், அவன் என்ன பண்ணுவான்?

கேஷ் ஆன் டெலிவரி பணத்தை அங்கயே எண்ணி வாங்குங்க, சாயங்காலம் கணக்குல குறைஞ்சா உங்க தலையிலதான் விழும். பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத வேலைன்னா அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021ல கொண்டுவந்த இ-ஷ்ரம் இணையதளத்துல ஆதார் வச்சு பதிஞ்சிடுங்க, காசு கட்ட வேண்டாம். ஹெல்மெட்டும் வண்டி இன்சூரன்ஸும் இல்லாம ஒரு நாள்கூட ரோட்டுல இறங்காதீங்க.