அதிகத் தொடர்புள்ளவர்தான் தலைவரா?

வணக்கம். போதைப்பொருள் வழக்கொன்றின் தீர்ப்பிலுள்ள தொலைபேசி உரையாடல்களைக் கொண்டு, யார் யாரோடு பேசினார் என்பதைக் கோடுகளால் காட்டும் வலைப்பின்னல் படம் வரைந்ததாகவும், அதிகத் தொடர்புள்ளவரையே தலைவர் என்று எழுதியதை ஆய்வு நெறியாளர் ஏற்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயம் நெறியாளர் பக்கமே என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் உழைப்பு வீண்போகவில்லை. எவருடைய தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதோ அவரைச் சுற்றித்தான் கோடுகள் பெருகும்; அதனாலேயே அவர் தலைவர் ஆகிவிடமாட்டார்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1994 முதல் 1996 வரை நடந்த 'கேவியர்' என்ற போதைப்பொருள் கடத்தல் விசாரணையைக் குற்றவியலாளர் கார்லோ மோர்செல்லி ஆராய்ந்த விதத்தைப் பாருங்கள். அங்கே காவல்துறையினர் ஹஷீஷ், கொக்கைன் சரக்குகளைப் பறிமுதல் செய்துகொண்டே, ஆட்களைக் கடைசி வரை கைது செய்யாமல் விட்டுவைத்தனர். அதனால், 110 பேர் கொண்ட அந்த வலைப்பின்னல் ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் எப்படி உருமாறியது என்பதை, இரண்டிரண்டு மாதங்களாகப் பிரித்த 11 கட்டங்களில் அவரால் காண முடிந்தது. தொடக்கத்தில் மையத்தில் இருந்தவரின் பிடி நாளடைவில் தளர்ந்து, வேறு சிலர் முன்னுக்கு வந்தனர்.

ஆகவே உங்கள் உரையாடல்களையும் ஒவ்வொரு பறிமுதலுக்கு முன்னும் பின்னும் என்று தேதிவாரியாகப் பிரித்து வரையுங்கள். தொடர்பு எண்ணிக்கையோடு, நேரடித் தொடர்பில்லாத இரு தரப்புகளை இணைப்பவர் யார் என்பதையும் கணக்கிடுங்கள். "அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், அந்த "அவர்" உங்கள் படத்தில் ஒரே ஒரு கோட்டுடன் மூலையில் நிற்கக்கூடும். ஒட்டுக்கேட்கப்பட்ட எண்கள் எவை என்பதை அட்டவணையில் தனியே குறித்துவிடுங்கள்.