வணிகம் படிக்கும் மாணவர்கள் எந்த மோசடி வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்? வணிக நெறி பற்றி எதைப் படிக்கலாம்?

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நெறிமுறைக் கோட்பாடுகளில் தொடங்காதீர்கள், வழக்குகளில் தொடங்குங்கள். ஒவ்வொரு வழக்கிலும் மூன்று பேரைத் தேடுங்கள்: பணத்தை வைத்திருந்தவர், கணக்கை எழுதியவர், கேள்வி கேட்டவர். முதல் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் அங்கே தப்பு நடக்க வழி இருக்கிறது. மூன்றாவது ஆளே இல்லையென்றால் அது வெளியே வர வழியே இல்லை. கணக்குக் கேட்கவும், கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டவும் பழகுவதுதான் வணிக நெறி என்று நான் நம்புகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு), டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள் மாலையில் கணக்கியல் பாடம் கேட்க வருவார்கள். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு வழக்கு படிக்கத்தான் நேரம் என்றால் பேரிங்ஸ் வங்கியைப் படியுங்கள். 1762-இல் லண்டனில் தொடங்கிய வங்கி. 1995 பிப்ரவரியில் அதை மூழ்கடித்தவர் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த நிக் லீசன் என்ற இளைஞர். பங்குக் குறியீட்டு வணிகத்தில் வாங்குவதும் விற்பதும் அவர். அந்த வணிகத்தைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பிரிவுக்குத் தலைவரும் அவரே. நட்டத்தையெல்லாம் 88888 என்ற எண் கொண்ட ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். கடைசியில் நட்டம் 82.7 கோடி பவுண்டு. வங்கியை ஒரு பவுண்டுக்கு ஐஎன்ஜி நிறுவனம் எடுத்துக்கொண்டது. லீசன் கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து கோத்தா கினபாலு போய், பிறகு பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டம் இல்லை. இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து என்று வங்கியின் உள் தணிக்கையே 1994-இல் எழுதிக் கொடுத்திருந்தது. லாபம் வந்துகொண்டிருந்ததால் யாரும் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது இந்தியாவின் மென்பொருள் நிறுவனமான சத்யம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ஏட்டில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம். இவ்வளவு பெரிய தொகை எப்படிப் பல ஆண்டு தப்பியது? வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தணிக்கையாளர் வங்கியிடமே நேராகக் கேட்டு, நேராகவே பதில் வாங்க வேண்டும். முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அங்கே அந்த வேலையை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். போலிக் கடிதம் வந்தது, கோப்பில் ஏறியது. 2020-இல் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்திலும் 190 கோடி யூரோ இப்படித்தான் காணாமல் போனது. அந்தப் பணம் இரண்டு பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வங்கிகளிடம் கேட்டபோது, காட்டப்பட்ட ஆவணங்களே போலி என்று பதில் வந்தது. சத்யம் நடந்து பதினொரு ஆண்டு ஆகியும், மூலத்திடம் நேராகக் கேட்கும் பழக்கம் அவ்வளவு பெரிய இடத்தில் வரவில்லை.

இதை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் மூன்று தலைமுறையாக நம் ஆட்கள் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் இருந்தவர்கள். ரப்பர் பால் நிறுக்கும்போது கிராணி (தோட்டக் கணக்கர்) எழுதியதுதான் எடை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருப்பதுதான் வேலை செய்த நாள். ஏன் குறைகிறது என்று கேட்டால் நாளைக்கு வேலை உண்டா என்பதே கேள்வியாகிவிடும். அந்தப் பயம் தோட்டத்தோடு போகவில்லை. டவுனுக்கு வந்த பிறகு அது மரியாதை என்ற பெயரில் நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. கோயில் திருவிழா வசூலோ, சங்கப் பணமோ, கூட்டுக் (சீட்டு) கட்டிய பணமோ, யாராவது ஒரு பையன் எழுந்து ரசீது எங்கே என்று கேட்டால், "தம்பி, நான் என்ன எடுத்துத் தின்னவா போறேன்?" என்று பெரியவர் வருத்தப்படுவார். அவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையானவரிடம் கேட்காமல் பழகியவர்கள், நாளை நேர்மையில்லாதவர் வந்தாலும் கேட்க மாட்டார்கள்.

ஏமாற்றுத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் புகுகின்றன. 1980-களில் நம் பேராக் மாநிலத்திலேயே, தைப்பிங்கில், பாக் மான் தெலோ என்று அழைக்கப்பட்ட உஸ்மான் ஹம்சா ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கி மாதா மாதம் பெரிய வட்டிபோலக் கொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் வேலை அது. அதே முறை பெயர் மாறி இன்றும் வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் வந்தபோது, 55 வயதில் சேமநிதிப் பணம் எடுத்தவர்களைத்தான் குறி வைத்தார்கள். மாதம் பத்து விழுக்காடு லாபம் என்றார்கள். பத்தாயிரம் ரிங்கிட் போட்டால் மாதம் ஆயிரம் கையில் வரும். முதல் பத்து மாதம் வருவது போட்ட பணமேதான் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் ஒழுங்காக வந்ததும் மாமா மச்சானிடம் சொன்னார், மச்சான் சம்பந்தியிடம் சொன்னார். "அத்தை மகன்கிட்ட போய் லைசென்ஸ் இருக்கான்னு கேக்கறதா?" என்று ஓர் அம்மா என்னிடமே கேட்டார். நம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, அனுமதியில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு நிறுவனம் நல்லது என்று ஆகிவிடாது. ஆனாலும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971-லேயே இங்கே சட்டமும் வந்துவிட்டது. பிள்ளைகள் இவற்றைப் படித்து வீட்டில் சொல்ல வேண்டும். பிள்ளை சொன்னால் கேட்காத அப்பாவும் அரசாங்கத் தாளில் பார்த்தால் ஒரு நிமிடம் யோசிப்பார்.

1986-இல் பேங்க் நெகாரா 24 கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியது. உறுப்பினர்களின் சேமிப்பு, இயக்குநர்களின் சொந்த நிறுவனங்களுக்குக் கடனாகப் போயிருந்தது. இதைப் பற்றி அரசு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதுமான பாடம்.

நம் சமூகத்துக்கென்று இரண்டு நிறுவனங்களை ஒன்றாக வைத்துப் படிக்கச் சொல்வேன். ஒன்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960-இல், எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் சம்பந்தன் தொடங்கியது. மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்த தோட்டத் தொழிலாளர்களின் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். இன்னொன்று 1980-களில் வந்த முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ். 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். 2010-இல் ஒரு ரிங்கிட் பங்கை 80 சென்னுக்குத் திரும்ப வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தது. நடுவில் டெலிகோம் பங்கு ஒதுக்கீடு பற்றிய பெரிய சர்ச்சையும் நடந்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, யார் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆகவே இதை மோசடி வழக்கு என்று சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. நிர்வாகப் பாடமாகப் படியுங்கள். இவ்வளவு ஏழைப் பங்குதாரர்கள் இருக்கும் நிறுவனத்தில் ஆண்டுக் கூட்டம் எப்படி நடந்தது, அறிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் போனதா, அவர்கள் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள்? நம் பிள்ளை ஒருவர் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பங்குப் பத்திரங்களைத் தகர டப்பாவில் வைத்திருந்த தாத்தா பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் இப்போதே பேசிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நாம் அவர்களிடம் பாதி உண்மைதான் சொல்கிறோம். 1983-இல் பேங்க் பூமிபுத்ராவின் தணிக்கையாளர் ஜாலில் இப்ராஹிம் ஹாங்காங்கில் கொலை செய்யப்பட்டார். அந்த வங்கியின் கிளை நிறுவனம் காரியன் குழுமத்துக்குக் கொடுத்த கோடிக்கணக்கான கடன்களை ஆராயப் போனவர். உடலை ஒரு வாழைத் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள். அந்தக் கடன் விவகாரத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அகமட் நூர்டின் அப்போது நம் நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர். அக்குழுவின் அறிக்கை நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

2002-இல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர், மேலிடத்துக்குத் தெரியாமலிருக்க இரவில் வேலை செய்து கணக்கைத் தோண்டினார். தொலைபேசித் தடத்துக்குக் கொடுத்த வாடகையைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியிருந்தார்கள்; 380 கோடி டாலர் செலவு இப்படி மறைந்திருந்தது. படிவம் ஐந்து கணக்கியல் தெரிந்த பிள்ளைக்குக்கூடப் புரியும் மோசடி இது.

நம் நாட்டில் 2021-இல் செர்பா டினாமிக் என்ற நிறுவனத்தின் கணக்கில் சுமார் 350 கோடி ரிங்கிட் பரிவர்த்தனைகள் பற்றித் தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜி கேள்வி எழுப்பியது. நிறுவனம் பதில் சொல்வதற்குப் பதிலாகத் தணிக்கையாளர் மீதே வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 600 கோடி ரிங்கிட் வருமானம் என்று பொய்யான அறிக்கை கொடுத்ததாக நிறுவனத்தின் மீதும் அதிகாரிகள் மீதும் பங்கு ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் மொத்தம் 1.6 கோடி ரிங்கிட் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த மாணவி ஒருத்தி, "அப்புறம் யார் பயப்படுவா?" என்று கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. அவள் அந்தக் கோபத்தோடு சட்டமும் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சரி, நூல்களுக்கு வருகிறேன். டொனால்ட் கிரெஸ்ஸி 1953-இல் எழுதிய நூலை முதலில் வைப்பேன். 'மற்றவர்களின் பணம்' என்று பொருள்படும் தலைப்பு. சிறையில் இருந்த கையாடல் குற்றவாளிகளிடம் பேசிப் பேசி எழுதியது. மோசடி முக்கோணம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதிலிருந்து வளர்ந்ததுதான்: வெளியே சொல்ல முடியாத ஒரு பணப் பிரச்சினை, எடுக்க ஒரு வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். வெளியே சொல்ல முடியாத என்ற சொல்லை ஊன்றிப் படியுங்கள். மானம் போய்விடும் என்று கடனை மறைத்தவர்தான் "அடுத்த மாதம் வைத்துவிடுவேன்" என்று கல்லாவில் கை வைக்கிறார்.

அதன் பிறகு மூல ஆவணங்கள். 2001-இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் பற்றி நூறு நூல் உண்டு. நான் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே அமைத்த விசாரணைக் குழுவிடமிருந்து 2002 பிப்ரவரியில் வந்த பவர்ஸ் அறிக்கையைத்தான் படிக்கச் சொல்வேன். நிதித் தலைவர் தாமே நடத்திய கூட்டாண்மைகள் அதே நிறுவனத்தோடு வணிகம் செய்ய, இயக்குநர் குழு நெறிமுறை விதியை ஒதுக்கி வைத்து எப்படி அனுமதி கொடுத்தது என்று அதில் இருக்கிறது. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றி 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த பறிமுதல் மனுவில் எந்த வங்கியிலிருந்து எங்கே பணம் போனது என்று படிப்படியாக எழுதியிருக்கிறார்கள்; கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு அம்புக்குறி போட்டுப் படியுங்கள். அதோடு, 1எம்டிபியின் கிளை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி பற்றிய வழக்கில் 2020 ஜூலை 28-ஆம் தேதி வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு. 4.2 கோடி ரிங்கிட் தம் கணக்கில் வந்ததை நன்கொடை என்று நினைத்ததாக முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் சொன்ன வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் இருந்தது ஏன் என்று தீர்ப்பு எப்படி அலசுகிறது என்பதைப் பாருங்கள். நீளமாக இருக்கும், அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2020 ஜூன் 1 முதல், ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் பொறுப்பு.

கடைசியாக, காசு கொடுக்காமல் வாராவாரம் படிக்கக் கூடியது ஒன்று: சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு, ஆண்டுக் கூட்டங்களுக்கு முன்னால் நிறுவனங்களிடம் கேட்கும் கேள்விகளை வெளியிடுகிறது. கேள்வி எப்படிப் பணிவாகவும் கூர்மையாகவும் எழுதப்படுகிறது என்று அதில் பார்க்கலாம். தோட்ட நிறுவனங்களுக்கான கேள்விகளும் அதில் வரும். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, தொடர்புடையவர்களோடு நடந்த பரிவர்த்தனைகள் என்ற குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். புரியாத இடத்தைக் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.